கட்டிலில் விரித்த துணி

முதலில் நடுங்கியது அவருடைய வலது கை. என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். காலையில் கொஞ்சம் சரக்கு உள்ளே போனால்தான் நடுக்கம் நின்று கத்தி நேராகப் போகும் என்பார். நேராகத்தான் போனது. அதனால் கம்பெனியில் யாரும் கேட்கவில்லை.

பிழைப்புக்காகத் தெற்கிலிருந்து திருப்பூர் வந்தவர்கள் நாங்கள். குடிக்கு எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். ஊர்க்கோயிலுக்குப் போய் அவர் கையில் கயிறு கட்டிக்கொண்டு வந்தோம். கட்டியபின் சொட்டுக்கூடத் தொடக் கூடாது. அவரும் தொடவில்லை. சோறு இறங்காமல், வியர்த்து நடுங்கிக் கிடந்தவரைப் பார்த்து, குடி உடம்பை விட்டுப் போகிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். மூன்றாம் நாள் வலிப்பு வந்து விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கட்டில் விரிப்பை இரண்டு கையாலும் நீவி நீவிச் சுருக்கம் எடுத்தார். இல்லாத மெஷினைப் பிடித்து வெட்டினார். "ஏம்மா ஹெல்பரு, அந்த மூலையப் பிடி, துணி இழுக்குல்லா" என்று என்னை அதட்டினார். நான் மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெண்டாட்டி மறந்துவிட்டது, துணி மறக்கவில்லை. கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

டாக்டரம்மா இந்த ஊர்க்காரர். "இது டெலிரியமுங்க" என்றார் (மூளை குழம்பி, இல்லாதது இருப்பதாகத் தெரியும் நிலை). "நிறுத்தோணும்னு நெனச்சது நல்லதுங்கம்மா. ஆனா இத்தன வருசம் குடிச்ச ஒடம்பு, ஒரேயடியா நிறுத்துனா தாங்காதுங்க. உசுருக்கே ஆபத்து. இங்க கூட்டியாந்து, மருந்து குடுத்துத்தான் நிறுத்தோணும்."

"அப்போ கயித்த அவுத்துரவா டாக்டர்?"

"அது பாட்டுக்குக் கையில இருக்கட்டுமுங்க. அதுக்கும் எனக்கும் சண்டையில்ல."

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், கோயிலுக்குப் போங்கள். போகும் வழியில் ஆஸ்பத்திரிக்கும் போங்கள்.

தெளிந்தபின் இருவரும் கவுன்சலிங் (குடிக்கத் தோன்றும் நேரங்களைப் பேசிப் புரிந்துகொள்ளும் சிகிச்சை) போனோம். நடுவில் ஒரு சனிக்கிழமை, சம்பளம் வாங்கிய கையோடு சறுக்கினார். டாக்டரம்மா திட்டவில்லை. அந்தம்மா பங்குக்கும் சேர்த்து நான் திட்டினேன். பிறகு மறுபடியும் முதலிலிருந்து மருந்து, மறுபடியும் அதே பெஞ்ச். அலுத்துப்போனது. ஆனாலும் போனோம்.

கம்பெனியில் கத்தியை இன்னும் அவரிடம் கொடுக்கவில்லை. இப்போது பேக்கிங்கில் பனியன் மடிக்கிறார். கை லேசாக நடுங்கத்தான் செய்கிறது. முன்பு நடுங்காத கையைக் கண்டு நிம்மதியாக இருந்தேன். இப்போது நடுங்கும் கையைப் பார்த்தால்தான் நிம்மதி.

எனக்கு வாரம் என்றால் சனிக்கிழமைதான், மற்ற நாட்கள் அதற்குக் காத்திருப்பவை. அன்று அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் எனக்கு முன்னால் என் மூக்கு வாசலுக்குப் போய்விடுகிறது. நான் வேறொரு கம்பெனியில், தைத்த பனியனில் பழுது இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் வேலை செய்பவள். அதை வைத்தே போன வாரம் அவரே வாசலில் நின்று முகத்தை நீட்டினார்.

"பார்த்துச் சொல்லு. பாஸா, டேமேஜா?"

முகர்ந்து பார்த்தேன். வியர்வையும் பஞ்சுத்தூசியும்தான்.

"இன்னைக்குப் பாஸ்" என்றேன். அதன்பிறகுதான் செருப்பைக் கழற்றினார்.