ஒரு மெட்டுக்கு இரண்டு தாத்தா

தையல்காரருக்கு ரோஷம் மூக்கு நுனியில். "கல்யாணத்துல பொண்ணு நடந்து வர்றப்போ வாசிக்கிற அந்தப் பிடில் மெட்டு எங்க தாத்தா போட்டது" என்று அளவு கொடுக்க வந்தவனையெல்லாம் பிடித்துவைத்துச் சொல்லுவார். பாவம், இடுப்பில் அளவு நாடா இருக்கும்போது அவன் எங்கே ஓடுவான்?

அவர் தங்கையைக் கட்டிய ரொட்டிக்கடைக்காரரோ, மெட்டு தன் தாத்தாவுடையது என்பார். இரண்டு தாத்தாவும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் முகம்கூட இவர்களுக்கு நினைவில்லை. ஆனால் சண்டைக்கு மட்டும் குறைச்சல் இல்லை. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்று போனது. தோளில் தூக்கி வளர்த்த தங்கை மகள் மட்டும் மாமாவைத் தேடிக் கடைக்கு வருவாள். அவளென்றால் அவருக்கு உயிர்.

அவளுக்குக் கல்யாணம் கூடியது. அந்த மெட்டுக்குத்தான் மண்டபத்தில் நடந்து வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வீட்டில் பிடில் பிடிக்கத் தெரிந்தவர்கள் அப்பாவும் மாமாவும்தான். கையைப் பிடித்து அழைத்துவர அப்பா வேண்டும், அப்படியானால் வாசிக்க மாமாவை விட்டால் வேறு யார்?

"நீங்க வாசிக்கலேன்னா நான் நடக்கமாட்டேன், மாமா."

ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் போய் வாசித்தார். பெண் பாதி தூரம் வந்திருப்பாள், ரொட்டிக்கடைக்காரருக்கு வாய் சும்மா இருக்குமா? ஓரத்தில் இருந்த சம்பந்தியிடம், தையல்காரர் காதில் விழும்படி, "எங்க தாத்தா மெட்டு" என்றார்.

தையல்காரர் பிடிலிலிருந்து வில்லை எடுத்துவிட்டார். சொன்னதை அவனே திரும்ப வாங்கிக்கொள்ளட்டும் என்று இவர் கூரையைப் பார்த்தார், ரொட்டிக்கடைக்காரர் தரையைப் பார்த்தார். நட்ட நடுவில் பெண்.

"மாமா," என்றாள் மெதுவாக, "தாத்தாங்க யாரும் இங்க நிக்கலை. நான்தான் நிக்கிறேன்."

அவருக்குச் சுருக்கென்றது. கண்ணில் நீர் முட்ட, விட்ட இடத்திலிருந்து வாசித்து முடித்தார்.

பின்வரிசைக்காரர்களுக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. நடுவில் நிறுத்துவதும் மெட்டோடு சேர்ந்ததாக்கும் என்று நினைத்தார்கள். அடுத்த கல்யாணத்தில் நிறுத்தச் சொல்லிக் கேட்டார்கள். அதற்கடுத்ததில் நிறுத்தாத பிடில்காரனைத் திட்டினார்கள். ரொட்டிக்கடைக்காரர் வழக்கம்போல, "எங்க தாத்தா அங்க நிறுத்துவார்" என்று ஆரம்பித்துவிட்டார்.

ஒருநாள், அளவு கொடுக்க வந்தவன் தானாகவே கேட்டான். "அந்த நிறுத்தம் யாருதுங்க? உங்க தாத்தாவா, அவங்க தாத்தாவா?"

தையல்காரர் வாயைத் திறந்தார். நட்ட நடுவில் நின்ற பெண்தான் கண்ணுக்குள் வந்தாள்.

"என் தங்கச்சி மகள் போட்டது. நான் பக்கத்திலேயே இருந்தேன்."

அவன் சிரித்துக்கொண்டே நாடாவைக் கழற்றிக் கையில் கொடுத்தான். "போங்கய்யா. அது நூறு வருஷத்துப் பழசு."