மழை வராது என்றார் மாப்பிள்ளை

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் போனைக் கையில் கொடுத்துவிட்டு வானத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு மழைக் குழு நடத்துகிறேன். காலையில் ரேடார் படம், சாட்டிலைட் படம், காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காட்டும் படம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுவேன். ரிஷிவந்தியம் பக்கம் உளுந்து பிடுங்குகிறவர்களும், எலவனாசூர்கோட்டையில் கல்யாணப் பந்தல் போடுகிறவர்களும் அதைக் கேட்டுவிட்டுத்தான் வேலையில் கை வைப்பார்கள். என்னை மழைக்காரர் என்று கூப்பிடுவார்கள். முன்பெல்லாம் அந்தப் பேரைக் கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது. இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால், கீழே விழுந்த ஸ்க்ரூவைத் தேடுகிற மாதிரி மேஜைக்கு அடியில் குனிந்துகொள்கிறேன்.

இந்தப் பைத்தியம் ஒரு புயலில் பிடித்தது. கடைக்குள் தண்ணீர் புகுந்து, ரிப்பேருக்கு வந்திருந்த போன்களெல்லாம் மிதந்தன. புயல் எங்கேயோ கடலோரத்தில் கரை ஏறுகிறது, இங்கே எதற்கு இவ்வளவு கொட்டுகிறது என்று கோபத்தோடு படிக்க ஆரம்பித்தேன். விஷயம் எளிமையாகத்தான் இருந்தது. காற்றுக்குள் எப்போதும் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீர் இருக்கிறது. சூடான காற்று நிறையத் தண்ணீரை வைத்துக்கொள்ளும். அது மேலே ஏறினால் குளிரும், குளிர்ந்தால் வைத்துக்கொள்ள முடியாமல் விட்டுவிடும். மேகமும் தூறலும் புயலும் இதற்குள் அடக்கம். இதை யாரும் எனக்குப் பள்ளிக்கூடத்தில் இப்படிச் சொல்லவில்லையே என்று எரிச்சலாக இருந்தது. புரிந்துகொண்ட பிறகு எனக்குத் திமிர் வந்தது. 'வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம்' என்று பேசுகிறவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். என் குழுவில் இரண்டே பதில்கள்தான் உண்டு. வரும், அல்லது வராது.

எங்கள் குடும்பத்துக்குச் சொந்த ஊர் கல்வராயன் மலைதான். அப்பா காலத்திலேயே இறங்கி வந்துவிட்டோம், அதனால் மலை எனக்கு விருந்துக்குப் போகிற இடம், அவ்வளவுதான். பெண் எடுத்தது அதே மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்தில். அந்த வீட்டில் மாமியாரும், மனைவியின் அண்ணனும், அவர் மனைவியும் இருக்கிறார்கள். மாப்பிள்ளை சொன்னதை அவர் முகத்துக்கு நேரே மறுக்கக் கூடாது, மாப்பிள்ளை இலையில் உட்கார்ந்திருக்கும்போது யாரும் எழுந்து வேறு வேலைக்குப் போகக் கூடாது என்பதெல்லாம் அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லாத சட்டம். ஒருமுறை வேறு ஏதோ நினைப்பில், உப்பு சரியாக இருந்த குழம்பைக் கரிக்கிறது என்று சொல்லிவிட்டேன். மச்சான் ஒரு வாய் எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஆமாங்க மாப்ள, கொஞ்சம் ஜாஸ்திதான்" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போன கார்த்திகையில் மச்சான் போன் செய்தார். சாமையை அறுத்துக் கட்டுக் கட்டாகப் போர் போட்டு மூடி வைத்திருந்தார்கள். அதைப் பிரித்துத் தார் ரோட்டில் பரப்பினால் ஜீப்பும் பஸ்ஸும் மேலே ஏறி ஓடி மணி உதிர்ந்துவிடும். மலையில் பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஒரு பகல் முழுக்க வெயில் வேண்டும். அந்தச் சாமை விற்பதற்கு இல்லை. அவர்களுடைய ஒரு வருஷத்துச் சாப்பாடும் அடுத்த விதைப்புக்கு விதையும் அதில்தான் இருந்தன.

"மாப்ள, நாளிக்கு போரைப் பிரிச்சிப் போடலாங்களா? மானம் எப்டி இருக்குதுங்க?"

ரேடாரைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. கிழக்கிலிருந்து காற்று, அதுவும் மெதுவாக. "வராதுங்க மச்சான். தைரியமா பிரிச்சிப் போடுங்க. நாங்களும் வரோம்" என்றேன்.

மறுநாள் பைக்கில் கிளம்பினோம். கீழே நல்ல வெயில். மலைப்பாதையில் பாதி ஏறியதும், கிழக்குச் சரிவில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டு மேலே நகர்ந்துகொண்டிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி தோளைத் தட்டினாள்.

"இன்னாங்க, மேல மூடிக்கினு வருதே?"

"அது மூட்டம். மூட்டம் வேற, மழை மேகம் வேற" என்றேன், குழுவில் பேசுகிற அதே குரலில்.

நாங்கள் போனபோது சாமைக்கட்டுகளை அவிழ்த்து ரோட்டின் ஒரு பாதியில் நீளத்துக்குப் பரப்பியிருந்தார்கள். ஓரத்தில் நீலத் தார்ப்பாய் மடித்து வைத்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கிண்டல் வந்துவிட்டது.

"இன்னா மச்சான், தார்ப்பாய் இன்னாத்துக்கு? எம்மேல நம்பிக்க இல்லியா?"

விளையாட்டாகத்தான் சொன்னேன். மச்சானின் முகம் மாறிவிட்டது. "அய்யோ, அப்டிலாம் ஒண்ணும் இல்லீங்க மாப்ள. சும்மா கெடந்துச்சு" என்றவர், தன் மனைவியைக் கூப்பிட்டு அதை வீட்டுக்குள் கொண்டுபோய்ப் போடச் சொன்னார். அந்த அம்மா கனமான தார்ப்பாயைத் தலையில் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். நான் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மதியம் கோழிக் குழம்பு. மாப்பிள்ளைக்கென்று கடையிலிருந்து கூல்டிரிங்க்ஸ் பாட்டில் வாங்கி வைத்திருந்தார்கள். சாப்பிட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் உள்ளே இருட்டிக்கொண்டு வந்தது. மச்சான் மனைவி போய் லைட்டைப் போட்டார். மச்சான் ஒருமுறை வாசலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்குத் தைரியம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பாட்டிலைக் கையில் எடுத்தேன்.

"பாருங்க மச்சான், இந்த பாட்டில் மேல வேத்திருக்குதே, இது எங்கருந்து வந்துச்சு? உள்ளருந்து ஒழுகல. காத்துல இருந்த தண்ணி, சில்லுனு ஒரு எடத்துல பட்டதும் வெளிய வந்துடுச்சு. அதான் பனி, அதான் மூட்டம். இதுக்குலாம் பயப்படக் கூடாது."

நான் பாட்டிலை வைத்துக்கொண்டு விளக்கிக்கொண்டிருந்த அதே காரியம்தான் அந்த நேரத்தில் வெளியே பெரிதாக நடந்துகொண்டிருந்தது. கடலிலிருந்து ஈரத்தோடு வந்த காற்று, கள்ளக்குறிச்சியைத் தாண்டி, மலையில் முட்டி, வேறு போக்கிடம் இல்லாமல் சரிவில் ஏறி, ஏறிய இடத்தில் குளிர்ந்து வேர்த்துக்கொண்டிருந்தது. பாட்டில் அளவுக்கு எனக்கு அது புரிந்திருந்தது. மலை அளவுக்குப் புரியவில்லை.

தகரக் கூரையில் சத்தம் கேட்டது. மச்சானின் கை சோற்றிலேயே நின்றது. என் மனைவி சமையற்கட்டு வாசலிலிருந்து, "இன்னாங்க..." என்றாள்.

"தூறல்தான். இப்ப வுட்டுடும்" என்றேன். இடது கையால் போனை எடுத்து ரேடாரைத் திறந்து எல்லாருக்கும் காட்டினேன். எங்கள் தலைக்கு மேலே படத்தில் ஒரு புள்ளி கூட இல்லை. "பாருங்க. ஒண்ணுமே இல்ல."

மச்சான் குனிந்து பார்த்தார். "ஆமாங்க மாப்ள, ஒண்ணுமே இல்லீங்களே" என்று சொல்லிவிட்டு மறுபடி சோற்றைப் பிசைந்தார். அவர் மனைவி கரண்டியோடு வாசற்படியில் நின்றார், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

தகரச் சத்தம் கனத்தது. மழைதான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இந்த இடத்தைத்தான் என்னால் நினைக்க முடியவில்லை. ரேடார் தப்பாகப் போவதற்கு நான் பொறுப்பில்லை. ஆனால் தெரிந்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. இப்போதுதானே வராது என்றோம், உடனே எழுந்தால் எப்படி இருக்கும் என்று இன்னொரு வாய் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு இன்னொரு வாய். கோழிக் குழம்பு நன்றாக இருந்தது என்று வேறு சொன்னேன்.

பிறகு எழுந்தேன். நான் எழுந்த பிறகுதான் எல்லாரும் எழுந்தார்கள். எச்சில் கையோடு மச்சான் எனக்கு முன்னால் ரோட்டில் இருந்தார். மாமியார் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார். அத்தனை பேரும் எவ்வளவு நேரமாக ஓடுவதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள் என்பது அந்த ஓட்டத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

உதிர்ந்த மணியெல்லாம் தண்ணீரோடு ரோட்டோரக் குழிக்குப் போய்க்கொண்டிருந்தது. துடைப்பத்தாலும் கையாலும் அள்ளினோம். கொஞ்ச நேரத்தில் பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர் வந்து, "மழைக்காரரே வூட்ல இருந்துமா இப்டி ஆச்சு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் சொன்னார்: "அவரு வரும்னுதாங்க சொன்னாரு. நான்தான் பேச்சைக் கேக்காம பிரிச்சிப் போட்டுட்டேன்." அதைச் சொல்லும்போது என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் கையில் சேறும் சாமையுமாகப் பக்கத்திலேயே நின்றேன். இல்லை என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பல நாள் மலையில் வெயிலே இல்லை. சாமையை வீட்டுக்குள் ஃபேனுக்கு அடியில் பரப்பி, அதன் ஓரத்திலேயே படுத்துத் தூங்கினார்கள் என்று மனைவி சொன்னாள். புளித்த வாடை வந்து, பிறகு முளைவிட்டது. விதைக்கும் ஆகவில்லை, வாய்க்கும் ஆகவில்லை.

"நீயாச்சும் சத்தம் போட்டிருக்கக் கூடாதா?" என்று மனைவியிடம் எரிந்து விழுந்தேன்.

"பாதையிலியே சொன்னேனே" என்றாள் அவள்.

ரேடார் ஏன் காட்டவில்லை என்று பிறகு தேடிப் படித்தேன். கடலோரத்தில் இருக்கிற ரேடாரிலிருந்து கிளம்புகிற அலை நேராகப் போகும், பூமியோ வளைந்து இறங்கும். நம் மலைக்கு மேலே வருவதற்குள் அது மிக உயரத்தில் போய்விடும். அன்றைக்கு வந்தது குள்ள மேகம், மலையைக் கட்டிக்கொண்டு கீழேயே கிடந்தது. அலை அதன் தலைக்கு மேலே போயிருக்கிறது. படித்ததும் அப்பாடா என்று இருந்தது. கொஞ்ச நேரம்தான். வாசல் வரைக்கும் எழுந்து போய்ப் பார்க்க எனக்கு எதற்கு ரேடார்? மச்சானுக்கு மேகத்தைப் பற்றித் தனி ஞானம் ஒன்றும் கிடையாது, அவரும் எத்தனையோ தடவை ஏமாந்து நனைந்தவர்தான். அன்றைக்கு ஞானம் எதுவும் தேவைப்படவில்லை. ரோட்டோரத்தில் மேய்ந்த ஆடுகள்கூட ஒதுங்கிவிட்டிருந்தன.

தை மாதம் பொங்கல் சீர் வந்தது. கரும்பு, மஞ்சள், எப்போதும் போல ஒரு பை சாமையரிசி. மனைவி ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். மலையில் குத்துகிற அரிசியில் கொஞ்சம் தவிடு ஒட்டியிருக்கும். இது வெள்ளை வெளேரென்று, கடையில் வாங்கியது. அதையே பொங்கினாள். நானும் சாப்பிட்டேன்.

இந்தக் கார்த்திகையில் மச்சானிடமிருந்து மறுபடி போன் வந்தது.

"மாப்ள, நாளிக்கு போரைப் பிரிக்கலாங்களா?"

"எனக்குத் தெரியலைங்க மச்சான்" என்றேன். என் வாழ்க்கையில் மழையைப் பற்றி அப்படி ஒரு பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

"நீங்க சொன்னா சரிங்க. பிரிக்கலாங்களா, வேணாங்களா?"

நேரில் வரேன் என்று சொல்லி, விடிந்ததும் கிளம்பிப் போனேன். நான் போன பிறகுதான் போரைப் பிரித்து ரோட்டில் பரப்பினார்கள். சாப்பிடக் கூப்பிட்டார்கள், உட்காரவில்லை. தார்ப்பாயை நானே கொண்டுவந்து ரோட்டோரத்தில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். மதியத்துக்கு முன்னால் கிழக்குச் சரிவில் வெள்ளை ஏறியது. மரங்களை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டு வந்தது. பெய்யுமா, தாண்டிப் போய்விடுமா என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். மச்சானும் அவர் மனைவியும் மாமியாரும் மேகத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மூடிடலாங்க" என்றேன்.

வாரிக் குவித்து மூடினோம். சாமையில் ஏற வந்த ஜீப்காரர் தலையில் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனார். மேகம் எங்கள் மேலே வந்து, முகத்தில் சில்லென்று உரசி, மேற்கே போய்விட்டது. பிறகு வெயில் அடித்தது. தார்ப்பாய் சுட்டது. அரைநாள் வேலை வீண்.

மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "நல்லவேளைங்க மாப்ள. நீங்க சொன்னதால தப்பிச்சோம்" என்றார்.

அவர் முகத்தில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"இன்னா மச்சான், ஒரு சொட்டு கூட வுழலியே" என்றேன்.

அவர் காய்ந்த ரோட்டைப் பார்த்தார். "வுழுந்திருக்கும்ங்க" என்றார்.