வாரிசுச் சான்றுக்கு ஒரு தாள்

நெதர்லாந்தில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் துணி துவைக்கும் அறையில், சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. எந்தப் பொத்தானை அழுத்துவது, எவ்வளவு சோப்புத்தூள் போடுவது, கடைசியில் யார் அறையைக் கூட்டுவது, எல்லாம் பத்து வரிகளில். குப்பைத்தொட்டிக்கு மேல் ஒன்று, அலுவலகத்தில் காபி இயந்திரத்தின் மேல் ஒன்று. வந்த புதிதில் சிரித்தேன். சில வாரங்களில் சிரிப்பு போய்க் கோபம் வந்தது. காபி பிடிக்கப் பத்து வரி எழுதி ஒட்டுகிறார்கள். புருஷனைப் பறிகொடுத்த என் அக்காவுக்கு நம்மூரில் ஒரு வரி எழுதிக் கொடுக்க ஒருவருக்கும் கை வரவில்லை.

அக்கா கீழ்பென்னாத்தூரில் இருக்கிறாள். மாமா வேன் ஓட்டியவர், திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். வாரிசுச் சான்றுக்காக அக்கா திருவண்ணாமலையில் ஓர் அலுவலகத்துக்கு நடந்தாள். முதல் தடவை இறப்புச் சான்று இரண்டு நகல் வேண்டும் என்றார்கள். அடுத்த தடவை ரேஷன் கார்டு. மூன்றாம் தடவை அதிகாரி லீவு. நான்காம் தடவை நானும் கூடப் போனேன். அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் தாள்களைப் புரட்டிவிட்டு, "மாமியார் உயிரோட இருக்காங்களா? அவங்களும் வாரிசுதான். அவங்க கையெழுத்து எங்க?" என்றார்.

"நாலு தடவ வந்தேனே சார், மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க கேக்கவே இல்லியேம்மா."

இருப்பதே தெரியாத ஒன்றை எப்படிக் கேட்பது? அக்கா வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதாள். கம்ப்யூட்டர் படித்த நான், அந்த ஆளிடம் ஒரு வார்த்தை பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அந்த மௌனம் இன்றும் என்னை உறுத்துகிறது.

அதனால்தான் இங்கே வந்த இரண்டாம் குளிர்காலத்தில், சனி ஞாயிறுகளில் உட்கார்ந்து ஒரு கணினி நிரல் எழுதினேன். வாரிசுச் சான்றுக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்ற வரிகளைத் தட்டினால், பெரிய எழுத்தில், ஒரே பக்கத்தில் அடங்கும்படி தாள் தயாராகும். அப்போது கணினியில் தமிழ் படுத்திய பாடு கொஞ்சமல்ல. 'கொ' அடித்தால் கொம்பு ஒரு வரியிலும் கால் அடுத்த வரியிலும் போய் விழும். ஒழுங்காக வந்த முதல் தாளை அலுவலக அச்சு இயந்திரத்திலிருந்து எடுத்தவர், பக்கத்து இருக்கையில் வேலை செய்யும் 'யான்' என்ற டச்சுக்காரர். "மோய்!" என்றார். எனக்குக் கல்யாண வீட்டு மொய்தான் ஞாபகம் வந்தது. அவர்கள் மொழியில் அதற்கு 'அழகு' என்று பொருள். விஷயத்தை விளக்கினேன்.

"இதை அந்த அலுவலகம்தானே கொடுக்க வேண்டும்?"

"ஆமாம்."

"பிறகு நீங்கள் ஏன் செய்கிறீர்கள்?"

அவர் அந்தத் தாளுக்குச் சட்டம் போட்டுத் தன் வீட்டுச் சமையலறையில் மாட்டினார். இறப்புச் சான்று, ரேஷன் கார்டு, மாமியார் கையெழுத்து: அவருக்கு அது சித்திரம்.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது, பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில் ஐம்பது தாள் அச்செடுத்து, அக்காவோடு அதே மேஜைக்குப் போனேன். அந்த மனிதர் நிதானமாகப் படித்தார்.

"தப்பு ஒண்ணும் இல்லியே."

"அப்ப வாசல்ல ஒட்டலாமா சார்?" அக்கா கேட்டாள்.

"கூடாதும்மா. எழுதி ஒட்டிட்டா, இதுல இருக்கறது மட்டும்தான் கேக்கணும்னு ஜனங்க சண்டைக்கு வந்துடுவாங்க."

இந்த முறை நான் வாயை மூடவில்லை. "வரட்டும் சார், அதுக்குத்தான் ஒட்டறோம்" என்றேன். வெளிச்சுவரில் ஒட்டினோம். மதியத்துக்குள் கிழித்துவிட்டார்கள். ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள், வெளிநாடு போனதும் குறை சொல்ல வந்துவிட்டாள் என்று சலித்துக்கொள்ளலாம். சலித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தச் சுவரில் ஒரு தாளை விட்டுவையுங்கள்.

அக்கா சோர்ந்துபோகவில்லை. "ஒரே தாளு எல்லாருக்கும் ஆவாதுடி. எனக்கு மாமியார் இருந்தாங்க. அவங்க இல்லாதவளுக்கு அந்த வரி எதுக்கு? மொதல்ல ஆள கேளு, அப்புறம் அடி" என்றாள். நான் படித்த படிப்பில் இல்லாத யோசனை. நிரலை மாற்றினேன். வாரிசுகளின் பெயர் உட்பட ஆறு கேள்வி கேட்கும், அந்த ஆளுக்கு வேண்டிய வரிகளை மட்டும் அச்சடிக்கும். வருகிறவர்களைக் கேட்டுத் தாள் அடித்துக் கொடுக்க, பிரவுசிங் சென்டரில் அக்காவுக்கு ஒரு மேஜை கிடைத்தது. ஒரே நடையில் வேலை முடிந்தவர்கள் மற்றவர்களை அனுப்பினார்கள். ஒரு வருஷத்தில், தாளைக் கிழித்த அலுவலகமே, "அந்தம்மாகிட்ட போய் தாளு வாங்கினு வாங்க" என்று ஆள் அனுப்ப ஆரம்பித்தது. போனில் அக்கா இதைச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தன் வேலையை அவள் தலையில் கட்டிவிட்டு, ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை அவர்கள்.

போன வருஷம் அப்பா இறந்தார். காரியம் முடிந்து நான் திரும்பிய பிறகு அக்கா கூப்பிட்டாள். "அப்பாவுக்குத் தாளு அடிச்சேன் பாப்பா. அம்மா பேரு வந்துச்சு, என் பேரு வந்துச்சு. உன்ன எங்க போடறதுன்னு தெரியல. வெளிநாட்டுல இருந்தா தூதரகத்துல கையெழுத்து போட்டு அனுப்பணுமாம். அந்தக் கேள்வியே இதுல இல்லியே."

கணினியைத் திறந்து ஏழாவது கேள்வியைச் சேர்த்தேன்: 'வாரிசுகளில் யாராவது வெளிநாட்டில் இருக்கிறார்களா?' சரியாக வருகிறதா என்று பார்க்க, இறந்தவர் இடத்தில் அப்பாவின் பெயரையும் வாரிசுகள் இடத்தில் எங்கள் மூவர் பெயரையும் தட்டி, 'ஆம்' என்பதை அழுத்தினேன். தாள் வந்தது. அம்மாவும் அக்காவும் மேலே பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். பக்கத்தின் அடியில், தூதரக முத்திரையோடு வந்தால்தான் செல்லும் என்ற குறிப்போடு, தனி வரியாக நான் இருந்தேன்.