ஐந்தாவது கம்பிக்குப் பிளே இல்லை

இரண்டு விரலால் கிளட்சை அமுக்குகிறார் சவரிராயன். கண்ணை மூடிக்கொண்டு விடுகிறார். மறுபடியும் அமுக்கி, மறுபடியும் விடுகிறார். என்ன கோளாறு என்று சொல்ல வண்டிக்காரர் வாயைத் திறந்தால் தீர்ந்தது. “நீ சும்மா நில்லுப்பா. நோவ நான் சொல்றேன்.” திண்டிவனத்தில் செஞ்சி ரோட்டோரம் இருக்கும் அவர் பட்டறைக்கு வருகிறவர்கள் முதலில் இதை வாங்கிக் கட்டிக்கொண்டுதான் எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போவார்கள்.

அதற்குப் பிறகு ஒரு முழ நீள ஸ்க்ரூ டிரைவர் வெளியே வரும். நுனியை என்ஜின்மேல் ஊன்றி, மரப்பிடியைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்பார். இன்னொரு கை சட்டைப் பைக்குள் போய் வறுத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, எடுத்து உடைத்துக்கொண்டிருக்கும். தோலும் அதே பைக்குள்தான் போகும், கழற்றிய நட்டும் அதே பைக்குள்தான் போகும். ஒருமுறை பருப்பு என்று நினைத்து நட்டைக் கடித்ததில் கடைவாய்ப் பல்லில் ஒரு மூலை போய்விட்டது. பல்லைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. நட்டின் மரை கெட்டிருக்குமோ என்றுதான் துப்பி எடுத்துப் பார்த்தார்.

வண்டிகளைப் பற்றி அவருக்கு ஒரே கொள்கை. “அமுக்குனா போறது பெரிசில்ல. உட்டா திரும்பி வரணும். வந்துச்சின்னாதான் வண்டி.”

இப்பேர்ப்பட்ட காது பாட்டுக்கு மட்டும் உதவாது. முகையூர்ப் பக்கம் அவர் பிறந்த ஊரில், பதின்மூன்று வயதில் மாதா கோயில் பாடற்குழுவில் சேர்ந்தார். குழுவை நடத்திய ஆண்டோவுக்கு அப்போது இருபது வயது. மூன்றாம் நாள் ஒத்திகையில், அத்தனை பேர் எதிரிலும், “சவரி, நீ வாய மட்டும் அசை. சத்தம் வெளிய வர வேணாம்” என்றார். பாட்டுப் புத்தகத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு வெளியே நடந்தவர்தான் சவரிராயன். முப்பது வருஷமாகியும் அந்தப் புண் ஆறவில்லை. திண்டிவனத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவர் வேண்டுமென்றே தொண்டையைத் திறப்பார். முன்வரிசைக்காரர்கள் முழங்காலில் நின்றபடியே நகர்ந்துபோவார்கள். பெண்கள் வரிசையில் இருக்கும் மனைவி அருள்ராணி முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொள்வாள்.

2006இல், ஊரில் மாதா திருவிழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது, அந்த ஆண்டோவே ஒரு வேனில் வந்து இறங்கினார். விழுப்புரத்தில் ரயில்வே கிளார்க் உத்தியோகம். ஊர்க் கோயிலுக்கு இன்னமும் அவர்தான் பாட்டு மாஸ்டர். அவரோடு நான்கு கால் வைத்த ஒரு நீளப் பெட்டியும் இறங்கியது. மேலே பத்துக் கம்பி, கீழே மூன்று பெடல், அடிவயிற்றில் வரிசையாக இரும்பு ராடுகள்.

“இன்னா மாஸ்டர், இஸ்திரி மேசையா?”

“பெடல் ஸ்டீல் கிட்டாரு. தொண்ணூத்தி மூணுல, பாண்டிச்சேரில ஒரு வெள்ளக்காரரு வீட்ட காலி பண்ணிக்கினு போவும்போது வாங்கினது. பெடல அமுக்குனா சுருதி ஏறும். உட்டா பழைய எடத்துக்கே திரும்பி வரணும். இந்த அஞ்சாவது கம்பி வரமாட்டேங்குது. ஒரு மயிரிழ மேலயே நின்னுக்குது. மெட்ராஸ்ல கூட காட்டிட்டேன், ஆவல. இரும்புன்னா உன் காதுதான்னு ஊர்ல சொன்னாங்க. திருவிழாப் பாட்டு பூரா இத்த நம்பித்தான் போட்டு வெச்சிருக்கேன்.”

திரும்பி வரவில்லை என்ற பேச்சு காதில் விழுந்ததுமே சவரிராயனுக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. ஆனாலும் அவசரப்படாமல் ஒரு மல்லாட்டையை உடைத்து, பருப்பை ஊதி, மென்று முடித்தார்.

“சரி பண்ணித் தர்றேன். கூலி வேணாம். திருவிழால ஒரு பாட்டு நானும் பாடுவேன். மைக்குக்கு எதிர்ல. சத்தமா.”

ஆண்டோ கிட்டாரைப் பார்த்தார். வேனைப் பார்த்தார். வேன் டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தான். “சரியானாத்தான்” என்றார் கடைசியில்.

அன்றைக்கே மொபெட் பிரேக் ஸ்பிரிங் ஒன்றை எடுத்து மாட்டினார் சவரிராயன். கம்பி இறங்கியபாடில்லை. பெடலை அமுக்க மட்டும் ஆண்டோ எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. “இது கிட்டாரா, பஸ்ஸு பிரேக்கா?” என்று கேட்டு, அதைக் கழற்ற வைத்து, கிட்டாரைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு ஆண்டோ ரயிலேறினார். அருள்ராணிக்கு அன்று முழுக்க நல்ல சந்தோஷம். கோளாறு தீராமலிருக்க மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள்.

மூன்றாம் நாள், ஆபீஸ் விட்டு ஆண்டோ வந்ததும் ஸ்க்ரூ டிரைவர் வெளியே வந்தது. கம்பிகள் மாட்டியிருக்கும் இரும்புக் கட்டையில் நுனியை ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டார். “அமுக்குங்க மாஸ்டர். இப்ப உடுங்க.” சுருதி ஏறியதோ இறங்கியதோ அவருக்கு ஒரு எழவும் புரியவில்லை. ஆனால் மற்றப் பெடல் கம்பிகளின் அடியில் நுனியை வைத்தபோது, விட்டவுடன் ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது. இரும்பு தன் இடத்தில் வந்து உட்காரும் சத்தம். ஐந்தாவது கம்பியின் அடியில் அது வரவில்லை. பெட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, அந்தக் கம்பியின் ராடை விரலால் ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

“பிளே இல்ல” என்றார்.

ஆண்டோவுக்கு முகம் சிவந்துவிட்டது. “முப்பது வருசமா மேடையில வாசிக்கிறேன். எனக்கு பிளே இல்லன்றியா? அதுவும் நீ?”

சவரிராயன் படுத்தபடியே சிரித்த சிரிப்பில் பையிலிருந்த தோலெல்லாம் முகத்தில் கொட்டியது.

“உங்களுக்கு இல்ல மாஸ்டர், ராடுக்கு. கிளட்ச் வயரு கொஞ்சம் தொளதொளன்னு ஆடணும். அத்தான் பிளேன்றது. ஆட எடமில்லாம இழுத்துக் கட்டுனா, அமுக்காமலே அமுக்குன மாதிரி நிக்கும். இந்த நட்ட இந்த முறுக்கு முறுக்குனது யாரு?”

ஆண்டோ குனிந்து நட்டைப் பார்த்தார். சுருதி மேலே நிற்கும்போதெல்லாம் அவர் கம்பியைத் தளர்த்துவார். தளர்த்தினால் பெடலுக்கு ஏற வேண்டிய உயரம் ஏறாது. அதற்காக நட்டை ஒரு திருகு முறுக்குவார். முறுக்கினால் சுருதி மறுபடியும் மேலே நிற்கும். பதின்மூன்று வருஷமாக இதே வேலை.

“நான்தான்” என்றார்.

“பாவம். அத்த உக்காரவே உடல நீங்க.”

நட்டு ஒன்றரைச் சுற்றுத் தளர்ந்தது. ராடு ஆடியது. ஆண்டோ கம்பியைச் சுருதி சேர்த்து, பெடலை அமுக்கி, விட்டார். ‘டக்.’ ஸ்க்ரூ டிரைவர் இல்லாமலே சவரிராயனுக்கு அது கேட்டது. ஆண்டோ நாலு தரம் அமுக்கிப் பார்த்தார், நாலு தரமும் திரும்பி வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“பாட்டு?” என்றார் சவரிராயன்.

மிச்ச நாட்கள் பட்டறையில் ஒத்திகை. எதிர்க்கடைக்காரர் ரேடியோவைக் கூட்டி வைத்தார். “ஊருக்கெல்லாம் திருவிழா, நமக்கு மட்டும் பேஜாரா? நான் வரல” என்றாள் அருள்ராணி. சொன்னாளே தவிர, சட்டைக்கு இஸ்திரி போட்டு, பையில் மல்லாட்டை இல்லை என்று தடவிப் பார்த்து, கூடவே கிளம்பினாள்.

திருவிழாவன்று பாடற்குழுவுக்கு முன்னால், தனி மைக்கின் எதிரில் நின்றார் சவரிராயன். கிட்டார் மட்டும் முதலில் எடுத்தது. ஆண்டோ பெடலை அமுக்கினார். ஐந்தாவது கம்பி மெல்ல ஏறி, கோயில் முழுக்க நின்று, விட்டதும் வழுக்கிக்கொண்டு கீழே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. குழு பாட ஆரம்பித்தது. அருள்ராணி முக்காட்டைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

‘பாடேன்’ என்று ஆண்டோ மோவாயை ஆட்டினார். சவரிராயன் கண்ணை மூடியிருந்தார். சொல்லுக்குச் சொல் வாய் அசைந்தது, சத்தம் வெளியே வரவில்லை. தொடையோரம் தொங்கிய கையில் இரண்டு விரல் மட்டும் கிளட்சைப் பிடித்ததுபோல் மடங்கி மடங்கி, கம்பி திரும்பி வரும்போதெல்லாம் விட்டுக்கொண்டிருந்தது.