பக்கத்துக் கட்டில் ஜெசிந்தா

குருநகரிலிருந்து ஜெசிந்தாவின் கணவர் அழைத்தபோது பள்ளிக்கூடத்தில் இடைவேளை. "ரீச்சர், அவ எங்களை விட்டிட்டுப் போட்டா" என்றார். சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து நெடுநாள் படுத்திருந்தவள்தான். எதிர்பார்த்த செய்திதானே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். வகுப்புக்குப் போக முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகள் வாட்டில் எங்களோடு இருந்த பெண்களுக்கு அவளை நினைவிருக்கும். ஏழாம் மாதத்தில் பிறஷர் ஏறி, காலும் முகமும் வீங்கி, இணுவிலிலிருந்து நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். பக்கத்துக் கட்டிலில் அவள்; அவளுக்கும் அதே நோய். பார்க்க வருகிறவர்களையெல்லாம் எனக்கு ஒன்றுமில்லை என்று சிரித்து அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவள் பொறுக்கமாட்டாமல் சொன்னாள்: "உப்பிடிச் சிரிக்காதேங்கோ ரீச்சர். பாக்க எனக்கு இன்னும் பயமாக் கிடக்கு." எனக்கும் பயமாயிருக்கிறது என்று முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது அவளிடம்தான்.

என் மகன் உயிரில்லாமல் பிறந்தான். பார்த்தால் நான் தாங்கமாட்டேன் என்று வீட்டார் முடிவெடுத்து, அவனைக் கொண்டுபோக ஆயத்தமானார்கள். கேட்க எனக்குத் துணிவில்லை.

"பிள்ளையைப் பாத்தனீங்களோ?" என்றாள் ஜெசிந்தா.

"இல்லை."

"பாக்க வேணுமோ?"

"ஓம்."

எழும்பக்கூடாது என்று மறிக்கப்பட்டிருந்தவள், கட்டிலை விட்டு இறங்கிச் சுவரைப் பிடித்துப் பிடித்துத் தாதியிடம் போனாள். "தாய் கேக்கிறா மிஸ். பெத்த தாய் பாக்காமல் என்னெண்டு கொண்டுபோறது?"

என் மாமியார் குறுக்கிட்டார். "நீ உன்ரை அலுவலைப் பார் பிள்ளை."

"இதுவும் என்ரை அலுவல்தான் அம்மா" என்றாள். தாதி அவனைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

பிறகு ஜெசிந்தாவுக்கு வலிப்பு வந்தது. அவசரமாக வயிற்றை வெட்டி எடுத்த மகள் பிழைத்தாள். தாயின் சிறுநீரகம் தேறவேயில்லை.

நான் வீட்டுக்குள்ளேயே முடங்கிக்கிடந்த காலத்தில், அந்த உடம்போடு பஸ் ஏறி இணுவிலுக்கு வருவாள். தனியேதான் வருவாள். "மகளைக் கொண்டுவரேல்லை. நீங்கள் கேட்டால்தான் கொண்டுவருவன்." நான் கேட்க ஒரு வருடத்துக்கு மேலாயிற்று. அதுவரை அவள் தன் பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லும் கதைத்ததில்லை.

கடைசிக் காலத்தில், இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு கிடந்தவளிடம், "பிள்ளை தப்பிச்சுதே, அதுக்குக் கடவுளுக்கு நன்றி சொல்லு" என்பார்கள் வருகிறவர்கள். அவர்கள் போனபின் என்னிடம் சொன்னாள்: "சிலநேரம் அவளைப் பாத்தாக் கோவம் வருது ரீச்சர். பிறகு, பச்சைப் பிள்ளையோடை ஏன் கோவிச்சனான் எண்டு அழுகை வருது. இதை ஆரிட்டைச் சொல்லுறது?"

"என்னட்டைச் சொல்லும்" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டாள். அது அவளுக்குப் போதுமாயிருந்ததா, தெரியாது.

சேமக்காலையில் அவளை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். என் மகனைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றும் எவரும் கதைப்பதில்லை. அவனுக்குத் தலை நிறைய முடி. காது தகப்பனுடைய காது. வலது கைச் சின்னவிரல் சற்றே வளைந்திருந்தது. இவ்வளவும் எனக்குத் தெரியும். ஜெசிந்தா எனக்கு விட்டுப்போனது இதுதான்.