மோட்டார் நின்ற புள்ளி

தொட்டி செய்யும் பட்டறையில் அவருக்கு ‘இன்னொருதரம்’ என்றே பெயர். தொட்டியின் பலத்தைக் கணினியில் கணக்குப் பார்ப்பவர். எந்த விடை வந்தாலும், "இன்னொரு தரம் பாத்துடுவோம்" என்பார். பதினெட்டு வருடமாக அப்படித்தான்.

சோப்பு ஆலைத் தொட்டிக்கு மட்டும் பார்க்கவில்லை. முதலாளி அவசரப்படுத்தினார், இவரும் ஒரே தரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். மூடியின் நடுவே ஒரு தூண், அதன்மேல் கலக்குகிற மோட்டார். தொட்டி தயாராகிவிட்ட அன்று, அந்த ஆலையில் வேலை பார்க்கும் தங்கை போனில் சிரித்தாள்.

"அண்ணே, உங்க தொட்டிக்குப் பக்கத்துலதான் எனக்கு வேலை போட்டிருக்காங்க. ஏதாச்சும் ஆச்சு, வீட்டுக்கு வந்து சண்டை போடுவேன்!"

ஒரே தரம் பார்த்தது அவருக்கு நினைவு வந்தது.

மறுநாள் காலை கடவுளைக் கும்பிட்டுவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தார். மெல்லிய தகட்டைக் கணினி சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளும். ஒவ்வொரு கட்டத்தின் மூலையும் மூன்று பக்கம் நகரும், மூன்று விதமாகத் திரும்பும். கட்டங்களின் அகலத்தைப் பாதியாக்கினார். கணக்கு சரியாக இருந்தால் விடை கொஞ்சம்தான் அசையும். தூண் முறுக்கிக்கொள்ளும் அளவோ நான்கு மடங்காகிவிட்டது.

அப்போதுதான் உறைத்தது. தகட்டை வளைக்கிற இரண்டு திருப்பத்துக்கும் தகட்டின் சொந்த பலம் உண்டு. மூன்றாவது, தகட்டுக்குள் இறங்கும் திருகாணியைப் போலச் சுற்றுவது. அதற்குக் கணக்கில் சொந்த பலம் கிடையாது; கணக்கு முறிந்துவிடாமல் கணினி தானாக ஒரு பொய்ப் பலத்தைச் சேர்த்துக்கொள்ளும். மோட்டார் தூணை முறுக்குவது அந்த விதத்தில்தான். இவரோ கணக்கில் தூணை ஒரே ஒரு கட்ட மூலையில் நட்டிருந்தார்; தாங்கும் என்று வந்த விடை அந்தப் பொய்ப் பலத்தின் விடை.

முதலாளியிடம் போனார். "தப்பு என்னோடது. தொட்டி போகக் கூடாது."

"லாரி வாசல்ல நிக்குது! இப்ப வந்து சொல்றீங்களே?"

"கையெழுத்துப் போடுறப்பவே பாத்திருக்கணும்ங்க."

தூணைப் பற்றவைத்த வெல்டர் தலையைச் சொறிந்தார். "ஒத்தக்கால் கொக்கு மாதிரி நிக்குதேன்னு நான் அப்பவே நெனச்சேன்."

"நெனச்சா வாயைத் தொறக்கிறதுக்கென்ன?" என்றார் முதலாளி.

"கணினிக்கு மேல நான் யாருங்க?"

மறுபடி கணினி முன் உட்கார்ந்தவர், இந்த முறை தூணை அதன் அடியைச் சுற்றியிருந்த மூலைகள் எல்லாவற்றோடும் பிணைத்துப் பார்த்தார். கட்டத்தை எவ்வளவு சிறிதாக்கினாலும் விடை ஒன்றே: மூடி கிழியும். அகலமான பாதத் தகடு வைத்து, நாலு பக்கமும் முட்டுக் கொடுத்தார் வெல்டர். அதையும் இவர் கணக்கில் சேர்த்துப் பார்த்தார், தாங்கியது. லாரி மூன்று நாள் கழித்துப் போனது.

ஆறு மாதம் கழித்துத் தங்கை பேசினாள்.

"ஒண்ணும் ஆகல அண்ணே. சண்டைக்கு வழியே இல்ல."

"தூணடியில விரிசல் இருக்கான்னு பாத்தியா?"

"பாத்தேன், இல்ல."

"இன்னொரு தரம் பாரு."