இரண்டு டொலர்க் கைவியளம்

என் கணவர் தோட்டா விற்றவர். இதை நான் சொல்லவில்லை, சிட்னியில் ஒரு நீதிமன்றம் சொன்னது. அவரைத் தெரிந்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். பழைய காரை விற்கப் போய், வாங்க வந்தவனிடம் அதன் பழுதுகளையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்புவித்து, அவனை வெறுங்கையோடு திருப்பி அனுப்பிய மனிதர் அவர். வியாபாரம் அவருக்கு ஏழு பிறப்புக்கும் வராது. ஆனாலும் பதிவில் அவர் வியாபாரிதான்.

எழுபதுகளின் கடைசி அது. வென்ட்வேர்த்வில்லில் கல்நார்த் தகடு அடித்த ஒரு ஃபைப்ரோ வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அவருக்கு செவன் ஹில்சில் ஒரு தொழிற்சாலையில் வரைபடம் கீறுகிற வேலை. கூட வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் சனி, ஞாயிறில் மேற்கே பண்ணைகளுக்கு முயல் சுடப் போவார். முயல் அங்கே பயிரைத் தின்னும் பீடை. சுட்டுக் கொடுத்தால் பண்ணைக்காரர் நன்றி சொல்லித் தேநீரும் தருவார். ஊரில் எலிப்பொறி வைக்கவே பயந்த என் கணவர் ஒருநாள் அந்த மனிதரோடு போனார். அடுத்த மாதமே லைசென்ஸ் எடுத்துத் துவக்கும் வாங்கிவிட்டார். வேலியால் போன ஓணானை மடிக்குள் கட்டுவது என்பார்களே, அதை நான் வீட்டிலேயே பார்த்தேன்.

அதோடு விட்டாரா? தோட்டாவையும் தானே நிரப்பப் பழகினார். சுட்டு முடிந்த வெறுங்கோதுகளைப் பொறுக்கி வந்து, பின்பக்கம் உடுப்புத் தோய்க்கிற அறையில் வைத்து மருந்தும் சன்னமும் நிரப்புவார். என் சேலைகள் ஊறுகிற தொட்டிக்குப் பக்கத்தில் வெடிமருந்துத் தகரம் இருந்தது.

“இது வீடோ, வெடிக்கடையோ?” என்று கேட்டேன்.

“இஞ்சாரும், சட்டத்தைப் படிச்சுப்போட்டுத்தான் செய்யிறன். சொந்தப் பாவனைக்கு எண்டா ஒரு பிரச்சினையும் இல்லை” என்றார்.

அது உண்மை. அவர் எதையும் படிக்காமல் செய்கிறவர் அல்ல. விற்பதென்றால்தான் வியாபாரிக்குரிய லைசென்ஸ் வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. விற்கிற எண்ணம் இல்லாதவருக்கு அதனால் என்ன?

அவருக்கு வேட்டைக்குத் துணையாக வாய்த்தவர் பக்கத்துக் கிரவீனில் இருந்த ஒரு வன்னிக்காரர். எங்களைவிட மூத்தவர். நாங்கள் இருவரும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். மானும் மரையும் பன்றியும் சுட்டு வளர்ந்தவர் என்பதால் முயலை அவர் ஒரு மிருகமாகவே மதிப்பதில்லை. ஊரில் தோட்டா வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் குசினிக் கதிரையில் இருந்து மணிக்கணக்கில் சொல்வார். அரசாங்கக் கச்சேரிக் கந்தோரில் பெர்மிட் எடுக்க வேண்டும், காசு கட்டிய கடைத்துண்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். காட்டு வழியில் பொலிஸ் மறித்தால் முதல் கேள்வி, தோட்டா எங்கே வாங்கினாய் என்பதுதான்.

“காசு குடுத்து வாங்கின தோட்டாவுக்குப் பயமில்லைத் தங்கச்சி. சும்மா வந்த தோட்டாதான் ஆளை மறியல் கம்பிக்குள்ளை அனுப்பும்” என்பார்.

அந்த வருடம் என் நினைப்பு முழுக்க என் தம்பிதான். தமிழரைத் தேடி அடித்த எழுபத்தேழுக் கலவரத்தில் கொழும்பில் அவன் தங்கியிருந்த அறையை எரித்துவிட்டார்கள். வேலையும் போயிற்று. அகதிகளோடு கப்பலில் யாழ்ப்பாணம் போய், வேலையின்றி, கோபத்தோடு சந்தியில் நின்றுகொண்டிருந்தான். அவனைச் சிட்னிக்கு எடுக்க என் கணவர் பொறுப்பாளராகக் கையெழுத்துப் போட்டிருந்தார். பொறுப்பு நிற்கிறவரின் நடத்தையில் ஒரு கறையும் இருக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கறையா, இவரிலா? நான் தம்பிக்குக் கட்டில் வாங்கி, பின் அறையில் போட்டும்விட்டேன்.

சித்திரை வருடப்பிறப்புக்கு அண்ணையும் மனைவியும் வந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு அன்றைக்குக் கைவியளம் முக்கியம். நல்ல நேரம் பார்த்து மூத்தவர் இளையவருக்கு வெற்றிலையில் காசு வைத்துக் கொடுப்பார். கொடுக்கிற கை ராசியான கை என்றால் வருடம் முழுக்க வீட்டில் காசு தங்கும். வெற்றிலை கிடைக்காத சிட்னியில் அண்ணை என் முற்றத்துக் கமெலியா மரத்தில் இலை பிடுங்கிக்கொண்டு வந்தார். அதற்குள் என் கணவர், தான் நிரப்பிய தோட்டாப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து அண்ணையின் மடியில் வைத்துவிட்டார். அண்ணைக்கு முகம் மலர்ந்தது. எனக்கு இலையில் ஐம்பது சதம் வைத்துத் தந்தார். என் கணவருக்கு இரண்டு டொலர் தாள் வைத்துக் கொடுத்தார்.

வருடம் நல்லாகத் தொடங்கியது என்று எல்லோருமாகப் பலகாரம் சாப்பிட்டோம்.

மாதம் முடியுமுன் அண்ணையின் துவக்கு வெடித்தது. சுடும்போது குழல் பிளந்து, அதைத் தாங்கியிருந்த இடது கை சிதைந்துபோனது. பண்ணைக்காரர்தான் தூக்கி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நாங்கள் போனபோது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டிருந்தார்கள். என் கணவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் இரத்தமே இல்லை. தன் தோட்டாதான் அந்தக் கையைத் தின்றதென்று அவர் அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ஒரு இளம் பொலிஸ்காரர் வந்தார். மரியாதையாகத்தான் கேட்டார். எப்படி நடந்தது, துவக்கு யாருடையது, தோட்டா எங்கே கிடைத்தது?

அண்ணை தலையை நிமிர்த்தினார். மிஞ்சிய கையால் என் கணவரைக் காட்டி, “இவரிடம் வாங்கினேன். இரண்டு டொலர் கொடுத்தேன்” என்று தெளிவான ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பித் தமிழில், “பயப்பிடாதை தம்பி. சும்மா வந்ததெண்டு சொல்லேல்லை, காசு குடுத்து வாங்கினதெண்டே சொல்லிப்போட்டன்” என்றார்.

அந்த வேதனையிலும் என் கணவரைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பது அவருக்குத் தெரியாது. அவருடைய முல்லைத்தீவுக் காட்டு வழியில் அது ஆளை விடுவிக்கிற பதில். இங்கே அது குற்றப்பத்திரிகை. பொலிஸ்காரர் என் கணவரை வெளியே கூப்பிட்டு விளக்கினார். உனக்கென்று செய்துகொள், குற்றமில்லை. கூட்டாளிக்குக் கொடுத்தாலும் யாரும் தேடி வரப்போவதில்லை. காசு கைமாறினால் அது விற்பனை, விற்பதற்கு உன்னிடம் லைசென்ஸ் இல்லை.

துவக்கைப் பரிசோதித்தவர்கள், மருந்து கூடியதாலும் வெடித்திருக்கலாம், குழலுக்குள் சேறு அடைத்ததாலும் வெடித்திருக்கலாம் என்று எழுதினார்கள். ஆகவே கை போனதற்கு வழக்கில்லை. இரண்டு டொலருக்குத்தான் வழக்கு.

எங்கள் சட்டத்தரணி கைவியளம் என்ற சொல்லைப் பலமுறை சொல்லிப் பார்த்தும் நாக்கு வளையாமல், “புதுவருட ஆசீர்வாதப் பணம்” என்று வைத்துக்கொண்டார். அது விலை அல்ல, சடங்கு என்று அண்ணையின் வாயால் வந்தால் போதும் என்றார். அண்ணையிடம் போய்ச் சொன்னோம். தான் செய்துவைத்த வேலை அப்போதுதான் அவருக்கு விளங்கியது. “ஐயோ தம்பி, உன்ரை குடியைக் கெடுத்துப்போட்டனே” என்று அழுதார். கட்டுப் போட்ட கையைப் பார்த்து அழாத மனிதர் அதற்கு அழுதார்.

நீதிமன்றத்தில் நன்றாகத்தான் சொன்னார். இலையில் வைத்துக் கொடுக்கிற வழக்கம், மூத்தவர் இளையவருக்குக் கொடுப்பது, எல்லாம் சொன்னார். நீதவான் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மூச்சு வந்தது.

பொலிஸ் தரப்பில் நின்றவர் எழும்பினார். அன்றைக்கு வேறு யாருக்குக் காசு கொடுத்தீர்கள் என்று கேட்டார். இவருடைய மனைவிக்கு என்றார் அண்ணை. எவ்வளவு? ஐம்பது சதம். அப்படியானால் இவருக்கு மட்டும் ஏன் இரண்டு டொலர்?

‘ஆம்பிளை எண்டபடியால்’ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ‘கையில் அதுதான் இருந்தது’ என்றிருக்கலாம். நான் பின்வரிசை வாங்கில் இருந்து மனதுக்குள் அவருக்குப் பொய் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணை நேர்மையானவர், யோசித்துப் பார்த்தார்.

“அவ்வளவு தோட்டாவைத் தந்தவர். வெறுங்கையோடு வாங்கிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை” என்றார்.

அவ்வளவுதான், முடிந்தது. எங்கள் ஆட்களிடம் அதைவிட நல்ல குணம் ஒன்றைச் சொல்ல என்னால் முடியாது. ஒருவர் பொருள் தந்தால் அவர் பாத்திரத்தைக்கூட நாங்கள் வெறுமையாகத் திருப்பி அனுப்புவதில்லை. அந்தக் குணத்தைத்தான் நீதவான் விலை என்று எழுதினார். சின்னக் குற்றப்பணம்தான் போட்டார். குரலில் இரக்கமும் இருந்தது.

வெளியே வந்து என் கணவரும் அண்ணையும் ஆளையாள் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இவர் அவருடைய கைக்காக அழுதார், அவர் இவருடைய பெயருக்காக அழுதார். நான் போய்க் காருக்குள் இருந்துவிட்டேன். எனக்கு அண்ணையின் மேல் அடங்காத கோபம். கையை இழந்தவரில் கோபிக்கிறேனே என்று என் மேலும் கோபம். இரண்டையும் வைத்துக்கொண்டு யாருடைய முகத்தைப் பார்ப்பது?

பதிவில் முயல் என்ற சொல் இல்லை. வருடப்பிறப்பும் இல்லை, இலையும் இல்லை. ‘அனுமதியின்றி வெடிபொருள் விற்றவர்’ என்றுதான் இருந்தது. அந்த நேரம் ஊரில், வடக்கில், தனிநாடு கேட்ட இயக்கப் பெடியளின் கையில் துவக்கு வரத் தொடங்கியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வர விரும்பும் இளைஞன், அவனுக்குப் பொறுப்பு நிற்கிறவர் வெடிபொருள் விற்ற மைத்துனர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவருக்கு முயலா ஞாபகம் வரும்? தம்பியை விசா நேர்முகத்துக்குக் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். பிறகு இல்லை என்றுவிட்டார்கள்.

அவனோடு கதைக்கத் தொலைபேசி அழைப்புக்குப் பதிந்துவிட்டு ஒரு பகல் முழுக்கக் காத்திருந்தேன். அவன் யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோருக்கு வந்து நின்றான். அவனிடம் என்ன சொல்லி அழுவது என்று நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

“அக்கா, அங்கை முழுக்க அத்தானைப் பற்றித்தான் கேட்டவங்கள்” என்றான்.

“அது அப்பிடியில்லையடா, நான் சொல்லுறன் கேள்...”

அவன் என்னை முடிக்க விடவில்லை. குரலைத் தாழ்த்தினான். “அத்தான் ஆருக்கக்கா குடுத்தவர்? எங்கடை பெடியளுக்கே?”

“என்னடா விசர்க்கதை கதைக்கிறாய்? முயல் சுடுறதுக்கடா. முயலுக்கு!”

அவன் சிரித்தான். கலவரத்துக்குப் பிறகு அவன் சிரித்து நான் கேட்டது அன்றுதான். “சரி, சரி. உதுகளைப் போனிலை கதைக்கப்படாதுதான். அவுஸ்திரேலியா கிடக்கட்டும் அக்கா, நான் இனி இஞ்சையே நிக்கிறன். அத்தானிட்டைச் சொல்லுங்கோ, அவரை நினைச்சு எனக்குப் பெருமையா இருக்கெண்டு.”

மறுபடியும் முயல் என்று நான் கத்துவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

என் கணவர் பக்கத்தில் நின்று கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார். “தம்பி என்னோடை கோவமே?” என்று கேட்டார்.

இல்லை என்றேன். அவன் கோபித்திருந்தால் நான் அன்றைக்கு நித்திரை கொண்டிருப்பேன்.